ஜெல்லில் ஒரே பட்டைதான், ஆனாலும் சோதனை சொதப்புகிறதா?

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் மரபணுவைப் புகுத்தித் தயாரித்த மறுசேர்க்கைப் புரதத்தை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் சேர்த்தேன். டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிச் சமிக்ஞை எகிறுகிறது. மியூட்டன்ட்டை, அதாவது செயலிழக்கும்படி மாற்றிய அதே புரதத்தைச் சேர்த்தாலும் அதே அளவு வருகிறது. குப்பியில் தூய்மை 95%-க்கு மேல் என்று போட்டிருக்கிறதே?

அந்த 95%, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பார்த்த புரதத் தூய்மை. கூடவே எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு வந்திருக்கலாம். அது புரதமே அல்ல, ஈ.கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு (எல்.பி.எஸ்). ஜெல்லில் புரதத்துக்கு நிறமேற்றும் கூமாசி சாயம் அதைக் காட்டிக்கொடுக்காது. மேக்ரோஃபேஜ்களுக்கோ ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் இருந்தாலே போதும். மியூட்டன்ட்டும் அதே வேலையைச் செய்கிறதென்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

புரதத்தில் ஒரு பங்கை எடுத்து 95 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்துவிடும், எண்டோடாக்சின் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதன் பிறகும் டி.என்.எஃப் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. இன்னொரு பங்கில் பாலிமிக்சின் பி சேருங்கள். அது எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்ளும், விளைவு இறங்க வேண்டும். வெறும் பஃபரோடு நிறுத்தாமல், தூய எல்.பி.எஸ்-ஐயும் கட்டுப்பாடாக வையுங்கள். பாலிமிக்சின் வேலை செய்ததா என்பது அதில்தான் தெரியும். எண்டோடாக்சின் அளவு தெரிய, குதிரைலாட நண்டின் இரத்த அணுக்களிலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல் சோதனை இருக்கிறது. நீக்குவதற்கு டிரைட்டான் எக்ஸ்-114 என்ற டிடர்ஜென்ட் கொண்டு பிரிக்கலாம். முடிந்தால் ஹெக்293 என்ற மனித செல்களில் தயாரித்த புரதத்துக்கு மாறுங்கள், அதற்கும் எண்டோடாக்சின் அளவைக் கேட்டு வாங்குங்கள். இதைச் சரிபார்க்காமல் கட்டுரை எழுதாதீர்கள். அதை நம்பி வேலை தொடங்கும் இன்னொரு மாணவரின் உழைப்பும் சேர்ந்து வீணாகும்.

கேள்வி: புரதம் நிறைய வருகிறது, ஆனால் எல்லாம் மையவிலக்கில் அடியில் போய்விடுகிறது.

செல் அவசரமாகத் தயாரிக்கிறது, புரதம் சரியாக மடிய நேரமில்லை, திரண்டு படிந்துவிடுகிறது. 37 டிகிரியை விட்டு 16 முதல் 18-க்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி-யை 0.1 மில்லிமோலாராகக் குறைத்து, இரவு முழுக்க விடுங்கள். சரிவரவில்லையா, கரைய உதவும் எம்.பி.பி அல்லது சுமோ டேக் (ஒட்டுப் புரதம்) போட்டுப் பாருங்கள். டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகள் அதிகமென்றால் சாதாரண பி.எல்.21 என்ற ஈ.கோலை ஸ்ட்ரெயின் (வகை) உதவாது, ஷஃபிள் போன்ற ஸ்ட்ரெயின் வேண்டும். 8 மோலார் யூரியாவில் கரைத்து மீண்டும் மடிக்கும் வழியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கரைந்து நிற்பதெல்லாம் சரியாக மடிந்தது என்று அர்த்தமில்லை, அப்புறம் ஆக்டிவிட்டியையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: புரதத்தைப் பிடித்துத் தூய்மையாக்கும் நிக்கல் ரெசின் பழுப்பாகிவிட்டதே?

பஃபரில் டி.டி.டி என்ற ஒடுக்கி இருந்திருக்கும், அது நிக்கலை ஒடுக்கிவிடும். அடுத்த முறை அதற்குப் பதில் டி.செப் போடுங்கள். பழைய நிக்கல் போக இ.டி.டி.ஏ-வால் கழுவி, புதிதாக நிக்கல் சல்ஃபேட் ஏற்றினால் ரெசின் மீளும்.

கேள்வி: உலர்பொடியாக வந்த குப்பி காலியாகத் தெரிகிறது!

சில மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாமலே ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன் ஒரு சுற்று மையவிலக்குங்கள், மூடியில் ஒட்டியதும் இறங்கிவிடும். குப்பியோடு வந்த தாளில் சொன்ன திரவத்திலேயே கரையுங்கள், வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம். சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். நீர்த்த கரைசல் பிளாஸ்டிக்கில் ஒட்டி வீணாகும் என்பதால் 0.1% பி.எஸ்.ஏ (மாட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம்) சேர்ப்பது வழக்கம். ஆனால் புரதத்தில் சாயமோ பயோட்டினோ பிணைக்கப் போகிறீர்கள் என்றால் பி.எஸ்.ஏ கலக்காததை வாங்குங்கள், இல்லாவிட்டால் சாயம் முக்கால்வாசி பி.எஸ்.ஏ-வில்தான் ஏறும்.