ஊருணியைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் கேட்டால் வரைபடமே மூழ்கிவிடுகிறது: காரணம்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பஃபர் என்பது ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் வரை வரையும் பரப்பு. உங்கள் லேயர் (வரைபட அடுக்கு) ஈபிஎஸ்ஜி 4326 என்ற அட்சரேகை-தீர்க்கரேகை ஆயமுறையில் இருக்கிறது. அதன் அலகு டிகிரி. நீங்கள் போட்ட 500-ஐ கியூஜிஐஎஸ் 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. கானாடுகாத்தான் ஊருணிக்கு உலகமே கரையாகிவிட்டது. பஃபர் பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் 'டிகிரீஸ்' என்றுதான் காட்டியிருக்கும், பாருங்கள்.

வெக்டர் மெனு, டேட்டா மேனேஜ்மென்ட் டூல்ஸ், ரீப்ராஜெக்ட் லேயர். இலக்கு ஈபிஎஸ்ஜி 32644, அதாவது மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு ஆயமுறை. வரும் புது லேயரில் பஃபரை ஓட்டுங்கள்.

லேயரை வலது கிளிக் செய்து 'செட் லேயர் சிஆர்எஸ்' (சிஆர்எஸ் என்றால் ஆயமுறை) மாற்றினால் போதாதா என்று தோன்றும். கூடாது. அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், 78.8, 10.1 என்ற எண்கள் அப்படியே மீட்டராகிவிடும், ஊருணி எங்கோ போய் விழும். ஏற்கெனவே செய்திருந்தால் முதலில் 4326-க்குத் திருப்பிவிடுங்கள்.

சோதனை: காரைக்குடிப் பக்கம் எக்ஸ் சுமார் இரண்டரை லட்சம், ஒய் பதினொரு லட்சத்தை ஒட்டி வரவேண்டும். ஒற்றைப் புள்ளிக்கு 500 மீட்டர் பஃபரின் பரப்பு ஏறக்குறைய 77 ஹெக்டேர். 78.5 வராததற்குக் காரணம், செக்மென்ட்ஸ் (கால்வட்டத்துக்கு எத்தனை கோடு) 5 என்றிருந்தால் வட்டம் 20 பக்கப் பலகோணமாகத்தான் வரும்.

ஒன்று கவனம். ஊருணியைப் பலகோணமாக வரைந்திருந்தால் தூரம் கரையிலிருந்துதான் கணக்காகும். பஃபருக்குள் வரும் வீடுகளை எண்ணும்போது, பக்கத்துப் பக்கத்து ஊருணிகளின் பஃபர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நடுவில் உள்ள வீடுகள் இரண்டு தடவை எண்ணப்படும். மொத்த வீடுகள்தான் வேண்டுமென்றால் பஃபர்களை ஒன்றாக இணைக்கும் 'டிசால்வ் ரிசல்ட்' டிக் செய்யுங்கள். எந்த ஊருணிக்கு எத்தனை வீடு என்றால் டிக் வேண்டாம்.