வேடமிட்டவரும் வேடிக்கை பார்ப்பவரும்: வாசகர் கேள்வி பதில்

கதை, திரைப்படப் பாத்திரங்களைப் போல் உடையணிந்து வரும் காஸ்ப்ளே குறித்துச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு தாயார்: பிளஸ் டூ முடித்த என் மகள் ஒரு மாதமாக வீட்டுக்கூடத்தில் ரப்பர் பாயை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நந்தம்பாக்கத்தில் நடக்கும் காமிக் கான் என்னும் காமிக்ஸ் இரசிகர் விழாவுக்கு அதை அணிந்து போவாளாம். எல்.கே.ஜி. பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நான் கவலைப்பட வேண்டுமா?

மாறுவேடப் போட்டியில் பாரதியாரைத் தேர்ந்தெடுப்பவர் தாயார். தலைப்பாகையும் கோட்டும் வாடகைக் கடையிலிருந்து வருகின்றன. பிள்ளை மேடையேறி இரண்டு வரி ஒப்பித்துவிட்டு, மீசை உறுத்துகிறது என்று அழுதுகொண்டே இறங்குகிறது. காஸ்ப்ளேயில் ஒரு பாத்திரத்தின்மீது பித்துக்கொண்டவரும், அதன் உடையைத் தைத்து ஒட்டுபவரும், அதை அணிந்து நடப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. அவர் போகும் இடத்தில் மேடையும் போட்டியும் பரிசும் உண்டு என்றாலும், வேடமிட்டு வந்தவர்களில் பலர் மேடைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

சொல் ஜப்பானில் பிறந்தது. காஸ்ட்யூம், ப்ளே என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கிச் சேர்த்து, ‘கொசுப்புரே’ என்று தகாஹாஷி நொபுயுகி என்பவர் 1983இல் ‘மை அனிமே’ என்ற இதழில் எழுதினார். வேடமணிதலுக்கு அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல்லில் பழைய வாடை அடிப்பதாக அவருக்குத் தோன்றியதாம். வழக்கமோ அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞரும் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்து நின்றார்கள். இரண்டு உடைகளையும் உருவாக்கியவர் டக்ளஸ். ஏறத்தாழ 200 பேர் கூடிய அந்த இடத்தில் வேடத்தோடு வந்தவர்கள் இவர்கள் இருவரே. எல்லாரும் அப்படித்தான் வருவார்கள் என்று தாம் எண்ணியிருந்ததாக ஆக்கர்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு சிகாகோவில் மாநாட்டின் ஒரு பகுதியாக வேடப் போட்டியே வைத்துவிட்டார்கள்.

இனி உங்கள் கூடத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் வெட்டிக்கொண்டிருப்பது ஈ.வி.ஏ. ஃபோம் ஆக இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாடுவதற்காகத் துண்டு துண்டாகக் கோத்துத் தரையில் விரிக்கும் வண்ணப் பாயும் அதுவே. ஹீட் கன்னின் சூட்டுக்காற்றைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டினால் அதன் மேற்பரப்பு இலேசாகப் பளபளக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் எடுத்து, முழங்காலின்மேல் வைத்து அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு அப்படியே நின்றுவிடும். தோள்கவசம் பிறப்பது இப்படித்தான். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசையை இரண்டு விளிம்புகளிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே முறையில் சரியாகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் சேர்த்தபின் பிரிக்க முயன்றால் பாய்தான் கிழியும். ஆகவே கவலைப்பட்டே தீருவது என்றால் அந்தப் பசையின் நெடியைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், விளிம்புகளைத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளட்டும், பிளேடு மழுங்கியவுடன் மாற்றச் சொல்லுங்கள், மழுங்கிய பிளேடுதான் வழுக்கி விரலில் ஏறும்.

சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் நந்தம்பாக்கத்திலுள்ள வர்த்தக மையத்தில்தான் நடந்தது. அங்கே ஒரு தூணோரம் நான் கண்ட காட்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கவசமணிந்த ஒரு பையனின் தோள்பட்டை நடுவில் பிய்ந்து தொங்கியது. அவன் அழாத குறை. எங்கிருந்தோ எலும்புக்கூடு வேடமிட்ட ஒரு பெண் வந்து, இடுப்புப் பையிலிருந்து ஊசியும் கெட்டி நூலும் எடுத்து, தரையில் அமர்ந்து, பேச்சே இல்லாமல் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். இருவரும் முன்பின் அறிந்தவர்களாகத் தெரியவில்லை. உங்கள் மகள் ஒரு தோழியோடு போகட்டும். பையில் பசை, ஊசி நூல், தண்ணீர் மூன்றும் இருக்கட்டும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: குலசை தசராவில் ஆயிரக்கணக்கானோர் வேடமணிகிறார்கள். வேடம் போட ஜப்பான்காரனிடம் நாம் பாடம் படிக்க வேண்டுமா?

வேண்டாம், ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவும் வேண்டாம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, விரதமிருந்து, காளியாகவோ குறவராகவோ காவலராகவோ ஊர் ஊராகச் சென்று பெற்ற காணிக்கையைக் கோயிலில் சேர்ப்பவர் ஒரு நேர்த்திக்கடனைத் தீர்க்கிறார். காளி வேடமிட்டவரின் காலில் விழுபவர், அந்த உடை எத்தனை நாளில் தைக்கப்பட்டது என்று கேட்பதில்லை. காஸ்ப்ளேக்காரரிடம் முதலில் கேட்கப்படுவதே அந்தக் கேள்விதான். ஒன்று பக்தி, மற்றது விளையாட்டும் கைவேலையும். ஒற்றுமை ஓர் இடத்தில் மட்டும் உண்டு: இரண்டிலும் வேடமிட்டவரும் வேடிக்கை பார்ப்பவரும் ஒரே தெருவில், தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள், இடையில் திரை இல்லை.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: டிசம்பர் இறுதியில் வேலை நிமித்தம் டோக்கியோவில் இருப்பேன். அங்கே நடக்கும் காமிகெட் என்னும் இரசிகர் கூடலுக்குப் போக ஆசை. விடுதியிலேயே வேடமிட்டு ரயிலேறிவிடலாமா?

கூடாது. வேடத்தோடு வருவதற்கும் வேடத்தோடு வீடு திரும்புவதற்கும் அங்கே தடை உண்டு. உடையைப் பெட்டியில் கொண்டுபோய், அரங்கில் பதிவு செய்து, உடைமாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு, காஸ்ப்ளேக்கென்று ஒதுக்கிய இடங்களில் நிற்க வேண்டும். திருவிழா நமக்கு, ரயிலில் வரும் மற்றவர்களுக்கு அது வேலைநாள் என்ற எண்ணமே இந்த விதிக்கு அடிப்படை என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் காமிகெட்டைக் காஸ்ப்ளே விழா என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது அடிப்படையில் ஒரு புத்தகச் சந்தை. இரசிகர்கள் தாங்களே எழுதி வரைந்து, தாங்களே அச்சிட்ட ‘தோஜின்ஷி’ என்னும் சிறு நூல்களை விற்கும் இடம். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கூடித் தொடங்கினார்கள். இன்று ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும், டோக்கியோ பிக் சைட் அரங்கில் நடக்கிறது. 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் வந்தவர்களின் எண்ணிக்கை 7,50,000. இவ்வளவு பெரிய கூட்டத்தை நடத்துவோர் தன்னார்வலர்கள். ஒரு குழுவுக்குக் கிடைக்கும் இடம் ஒரு நீண்ட மேசையில் பாதி மட்டுமே. பின்னால் இரண்டு நாற்காலி, முன்னால் நூல் அடுக்கு, விலை எழுதிய ஓர் அட்டை. வரைந்தவரே காசை வாங்கி மீதியைக் கொடுப்பார். சில்லறை கொண்டுபோங்கள், பெரிய நோட்டை நீட்டினால் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் பெருமூச்சு விடும்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சொல்தான். காமிகெட்டில் ‘வாடிக்கையாளர்’ என்று யாரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், வேடமிட்டவர், வரிசையை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர் அனைவரும் ‘பங்கேற்பாளர்’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். இது வெறும் உபசார வார்த்தை அன்று என்பதைக் காஸ்ப்ளே வெளியில் பார்க்கலாம். பலர் படம்பிடிக்க விரும்பினால் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராக எடுக்கிறார்கள். கூட்டம் மிகுந்து வட்டமாகச் சூழ்ந்துவிட்டால், யாராவது ஒருவர் உரக்கப் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குவார். பூஜ்யம் வந்ததும் எல்லாரும் நன்றி சொல்லிக் கலைவார்கள். காவலரும் கயிறும் இல்லாமல் இது நடக்கிறது. நம்மூர்ப் பந்தி வரிசையை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

புறப்படுமுன் அந்த ஆண்டின் நுழைவு விதிகளைப் பார்த்து முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: பிறர் பார்க்க வேண்டும் என்றுதானே வேடமிட்டு வருகிறார்கள்? படம் எடுக்க ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்பது மிகையாக இல்லையா?

இல்லை. பார்ப்பது வேறு, எடுத்து வைத்துக்கொள்வது வேறு, தொடுவது முற்றிலும் வேறு. வேடம் இசைவுக்கு அடையாளம் அன்று என்ற பொருள்படும் பெரிய பலகைகளை 2014இல் நியூயார்க் காமிக் கானில் வாயிலிலேயே வைத்தார்கள். வைக்க வேண்டிய நிலை வந்திருந்தது. கேட்பதால் உங்களுக்கும் ஓர் ஆதாயம் உண்டு. சாப்பிடும்போது எடுத்த படத்தில் வாயில் சமோசாவோடு இருக்கும் அதே ஆள், நீங்கள் கேட்டால் எழுந்து, விக்கைச் சரிசெய்து, வாளை உயர்த்தி, பாத்திரமாகவே மாறி நிற்பார்.

கோவையிலிருந்து ஒரு தந்தை: என் மகன் யூடியூபில் காஸ்ப்ளே காணொளிகள் பார்க்கிறான். இப்போது யூடியூபர்களுக்கென்றே மாநாடுகள் நடக்கின்றனவாமே? திரையில் பார்ப்பவரை நேரில் பார்க்க எதற்கு மாநாடு?

உங்கள் கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

ஜப்பானில் 2006 டிசம்பரில் நிகோநிகோ என்ற காணொளித் தளம் தொடங்கியது. அதில் பார்ப்பவர்கள் எழுதும் கருத்துகள் கீழே வரிசையாக நிற்பதில்லை. காணொளியின்மேலேயே வலமிருந்து இடமாக ஓடுகின்றன. எழுதிய நாள் எதுவானாலும், காணொளியின் எந்த நொடியில் எழுதினார்களோ அந்த நொடியிலேயே அது தோன்றும். ஆகவே மூன்று மாதம் முன்பு சிரித்தவரும் இன்று சிரிப்பவரும் சேர்ந்து சிரிப்பதுபோல் இருக்கும். நல்ல ஆட்டம் ஒன்று முடிந்தால் திரை முழுவதும் 8888 என்று எட்டுகள் பறக்கும். எட்டைக் குறிக்கும் அவர்களுடைய சொல் கைதட்டல் ஒலியை ஒத்திருப்பதால் அது கரவொலி. முகமறியா ஒருவர் ஆடியதைப் பார்த்து இன்னொருவர் ‘நானும் ஆடிப் பார்த்தேன்’ என்று தம் காணொளியை ஏற்றுவது அங்கே ஒரு வகையாகவே வளர்ந்தது. 2012 ஏப்ரலில் சிபாவிலுள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நிகோநிகோ சோகைகி என்ற பெயரில் அந்தத் தளத்தையே தரையில் இறக்கி ஒரு விழாவாக்கினார்கள். ஆடிப் பார்த்தவர்கள் வந்து ஆடினார்கள். காஸ்ப்ளேக்காரர்கள் அவர்களுக்கு நடுவே நடந்தார்கள்.

அமெரிக்காவில் ஜான் கிரீன், ஹாங்க் கிரீன் என்ற சகோதரர்கள் 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விடுதியில் விட்கான் என்ற இணையக் காணொளி மாநாட்டைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் வந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். படைப்பவர்களும் பார்ப்பவர்களும் கலந்து பழகும் கூடமாகத் தொடங்கிய அது வளர வளர, இரசிகர், படைப்பாளி, தொழில்துறையினர் என்று சீட்டுகள் பிரிந்தன. புகழ்பெற்றவரைச் சந்திக்கக் குலுக்கலில் இடம் கிடைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. கூட்டம் பெருகினால் பாதுகாப்புக்காக இப்படிச் செய்ய வேண்டியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் குலுக்கலில் பெயர் வராத பதினான்கு வயதுப் பிள்ளையிடம், நீ பங்கேற்பாளர் என்று யாரும் சொல்ல முடியாது. என் மனம் எட்டுகள் பறக்கும் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் மகனைப் பொறுத்தவரை ஒன்று கவனியுங்கள். சாதாரண உடையில் துள்ளிக் குதித்தவர் மறுநொடி முழுக் கவசத்தோடு தரையிறங்கும் குறுங்காணொளிகளை மட்டுமே பார்க்கிறானா, அல்லது ஒருவர் உட்கார்ந்து காகித மாதிரியை ஃபோமில் வரைந்து வெட்டும் நாற்பது நிமிடக் காணொளியையும் பார்க்கிறானா? முதல் வகை அவனைப் பார்வையாளனாகவே வைத்திருக்கும். இரண்டாவது வகையைப் பார்க்கத் தொடங்கினால், சில நாளில் உங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் காணாமல் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: இன்னொருவர் படைத்த பாத்திரத்தின் உடையை அணிவது பதிப்புரிமை மீறல் ஆகாதா? அதை வைத்துச் சிலர் பணமும் ஈட்டுகிறார்களே?

பொழுதுபோக்குக்காக அணிவதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் கண்டுகொள்வதில்லை. அது அவர்களுக்கு இலவச விளம்பரம். பணம் நுழையும்போதுதான் சிக்கல். 2021இன் தொடக்கத்தில் ஜப்பானிய அரசே இதைத் தெளிவுபடுத்த முற்பட்டு, அந்நாட்டின் புகழ்பெற்ற காஸ்ப்ளேக்காரரான எனகோ உள்ளிட்டோரின் கருத்துகளைக் கேட்டது. தொழில்முறையில் தோன்றும்போது தாம் உரிமையாளரின் அனுமதியைப் பெறுவதாகவும், அல்லது எந்தப் பாத்திரத்தையும் சாராத சொந்த உடையை அணிவதாகவும் எனகோ விளக்கினார். பணம் வாங்க நினைப்பவர்கள் அவரைப் பின்பற்றுவது நல்லது.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: எனக்கு 41 வயது. பள்ளி ஆசிரியை. காஸ்ப்ளே செய்ய வேண்டும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். வயது கடந்துவிட்டதா?

1939இல் நியூயார்க்கில் ஆக்கர்மனுக்கு வயது 22. இரண்டு உடைகளையும் உருவாக்கி, ஒன்றைத் தாம் அணிந்து வந்த மர்ட்டில் டக்ளஸுக்கு 35. ஆக்கர்மன் பெயரைத்தான் அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. உங்களைவிட ஆறு வயதுதான் இளையவர் டக்ளஸ். அவருக்கு ஹீட் கன்னும் இல்லை, பார்த்துப் படிக்கக் காணொளியும் இல்லை. கோடை விடுமுறையில் தொடங்குங்கள். முதல் உடைக்குக் கவசம் வேண்டாம். தையல் இயந்திரத்தில் முடிகிற ஒரு பாத்திரமாகத் தேர்ந்தெடுங்கள்.