மலர்ச்சாலை (இறுதிக் கிரியைச் சேவை நிலையம்) நடத்துபவரிடம் கேட்டவை: மலையகத்து மரண வீடும் ஆவணங்களும்

ஹட்டன் வாசகர்: ஐயா, தோட்டத்தில் வீட்டிலேயே ஒருவர் இறந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எங்களை எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆனால் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னர், இறந்தவரின் அடையாள அட்டையையும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் உள்ள தாளையும் தேடி எடுத்து வையுங்கள். தோட்டத்துக்குள் நிகழ்ந்த மரணத்தைத் தோட்ட அத்தியட்சகருக்கு அறிவிக்க வேண்டும். தோட்டத்துக்கு வெளியே வீட்டில் நிகழ்ந்ததாயின் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையுடன் 5 நாட்களுக்குள் பிரதேசப் பதிவாளரிடம் செல்ல வேண்டும். நம் மக்களுக்குத் தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பது வழமை. அழுகையின் நடுவே யாரோ வாயால் சொன்ன பெயர் மரணச் சான்றிதழில் ஏறிவிட்டால், கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதியைப் பெறுவதற்குப் பிள்ளைகள் சத்தியக் கடதாசிகளுடன் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடுகிறது. ஆகவே கையொப்பமிடுவதற்கு முன்னர், எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் அடையாள அட்டையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை வாசகர்: திடீர் மரணமென்றால் உடலைக் கெடாமல் வைக்க உடனே எம்பாம் செய்யலாமா?

பதில்: கூடாது. திடீர் மரண விசாரணை அதிகாரி உடலை விடுவிக்கும்வரை எந்த மலர்ச்சாலையும் அதைத் தொடக்கூடாது. இரத்தக்குழாய் வழியே போர்மலின் கலந்த திரவம் உள்ளே சென்றபின், நஞ்சு இருந்ததா என்று கண்டறிவது கடினமாகிவிடும். உறவினர்கள் அவசரப்படுத்தும்போதும் நான் இதில் இறங்கிவருவதில்லை.

இராகலை வாசகர்: எங்கள் ஊர்க் குளிருக்கு எம்பாம் தேவையா?

பதில்: மறுநாளே அடக்கமென்றால் பெரும்பாலும் தேவையில்லை. கொழும்பிலிருந்து பிள்ளைகள் வரும்வரை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் விளக்கும் கூட்டமுமாக இரண்டு நாட்கள் வைத்திருப்பதாயின் செய்துகொள்ளுங்கள்.

பண்டாரவளை வாசகர்: செலவை எப்படிக் குறைப்பது?

பதில்: மரண சகாயச் சங்கம் எவ்வளவு தரும் என்பதைக் கேட்டறிந்து, அந்தத் தொகையை எங்களிடம் முதலிலேயே சொல்லுங்கள், அதற்குள் அடங்குவதைக் காட்டுவது எங்கள் கடமை. வட்டிக்கு வாங்கிப் பாரமான பெட்டி எடுப்பதை நான் மனமார எதிர்க்கிறேன். லயத்துப் படிகளிலும் தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையிலும் அதைத் தோளில் சுமப்பவர்கள் மழைக்காலத்தில் வழுக்கி விழும் ஆபத்தும் இருக்கிறது. நீர்மாலைக்கும் தப்பு மேளம் அடிப்பவர்களுக்குரிய கூலிக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில் எளிய பலகைப் பெட்டியை எடுங்கள்.