ஏகேஏபி நங்கூரப் புரதத்தை எந்த வேதிப்பொருட்கள் பாதிக்கும்?

ஃபோர்ஸ்கோலின் ஏகேஏபியைத் தூண்டும், எச்-89 அதைத் தடுக்கும் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே அந்தப் புரதத்தைத் தொடுவதில்லை.

ஏகேஏபி ஒரு நங்கூரம். பிகேஏ என்ற நொதியைப் பிடித்து, வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, உதாரணமாக இதயச் செல்லின் கால்சியம் வாய்க்கால் அருகில், கட்டிவைக்கிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி வந்து ஒட்டியதும் நொதி விழித்து, அருகிலுள்ள புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். ஃபோர்ஸ்கோலின் (சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் வேரிலிருந்து எடுப்பதுதான்) சைக்ளிக் ஏஎம்பியை உருவாக்கும் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கி அதன் அளவைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். எச்-89 பிகேஏயில் ஏடிபி (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) உட்காரும் இடத்தை அடைக்கிறது, ஆனால் வேறு பல கைனேஸ்களையும் (பிகேஏ போலப் பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) சேர்த்து அடைப்பதால் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

சரி, நங்கூரத்தையே அவிழ்க்க வேண்டுமா? எச்டி31 என்ற பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டை, பாருங்கள். ஏகேஏபியில் பிகேஏ பற்றிக்கொள்ளும் சுருள் பகுதியின் நகல் அது; நொதி அசலை விட்டு நகலில் போய் ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் நுழைவதற்காக ஸ்டீரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை வாலாகச் சேர்ப்பார்கள். புரோலின் என்ற அமினோ அமிலத்தைப் புகுத்தி ஒட்டும் தன்மையைக் கெடுத்த வடிவத்தையும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முடிவுக்கு மதிப்பில்லை.

அப்புறம் எஃப்எம்பி-ஏபிஐ-1 என்ற சிறு மூலக்கூறு உண்டு. அதுவும் ஒட்டுவது பிகேஏயின் ஒழுங்குபடுத்தும் பகுதியில்தான். பிணைப்பை அவிழ்ப்பதோடு நொதியையும் தூண்டிவிடும்.