எந்தக் கேள்விக்கு அந்தப் பதில்?

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் அரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப் போகிறது. எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். ஒருவர் "இதுகூடத் தெரியாமல் எதற்கு விவசாயம்?" என்றார். பிறகு மருந்துக்கடை விளம்பரம், காலை வணக்கங்கள், ஒரு காதுகுத்து அழைப்பு. நடுவில் ஒரு பெரியவர், யாருக்கு என்று சொல்லாமல், "தண்ணியை விட்டுவிட்டுப் பாய்ச்சாதே, சுண்ணாம்புச் சத்து ஏறலை" என்று எழுதியிருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். திட்டியவருக்குக் குழுவிலேயே பதில் கொடுக்கலாமா, இல்லை குழுவை விட்டே விலகிவிடலாமா?

எஸ்., பாலக்கோடு

அன்புள்ள எஸ்.,

திட்டியவரை விடுங்கள். ஊருக்கு நாலு பேர் அப்படி இருக்கத்தான் செய்வார்கள். காலை வணக்கத்தையும் விடுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் பலருக்கு, நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல அதுதான் வழி.

என்னைக் குடைவது அந்தப் பெரியவரின் பதில். சரியான பதில் அது. அடி கறுப்பது பூச்சியாலும் இல்லை, பூஞ்சணத்தாலும் இல்லை. மண்ணின் ஈரம் ஏறி இறங்கும்போது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேருவதில்லை. இவ்வளவு தெரிந்தவர் அதை உங்கள் படத்தோடு சேர்த்து எழுதாமல் வெறுமனே போட்டுவிட்டார். நடுவில் வேறொருவர் இலைச்சுருள் நோய்க்குப் படம் போட்டிருந்தால்? அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்த மனிதர் தண்ணீரைச் சரிசெய்துகொண்டிருப்பார், ஈ தோட்டம் முழுக்கச் சுற்றி வந்திருக்கும். "ஆமாங்க, அதையே அடிங்க" என்று ஒற்றை வரி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதை? எவ்வளவு? யாருக்கு? மண்டி ஏலத்தில் எந்தப் பெட்டிக்கு என்று சொல்லாமல் விலையைக் கத்தினால் விடுவார்களா? செய்தியை வலப்பக்கம் இழுத்தால் அது நம் பதிலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குக்கூடச் சோம்பல்.

யாஹூ குழுமங்கள் என்ற மின்னஞ்சல் குழுக்களின் காலத்தில் இதற்கு நேர்மாறான நோய் இருந்தது. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கணக்குக்குக் காசு. ஒருவருடைய நீளமான கடிதத்தை அப்படியே திரும்பப் போட்டு, கடைசியில் "அருமை" என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் காசு கொடுத்து உருட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தக் குழுமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். தான் பதில் சொல்லப்போகும் இரண்டு வரியை மட்டும் வெட்டி வைத்து, கீழே எழுதுவார். ஒரு சின்னப் பெண் பிழைகளோடு கவிதை அனுப்பியபோது எல்லாரும் பாய்ந்தார்கள். அவர் அதில் நன்றாக இருந்த ஒரு வரியை எடுத்துப் போட்டு அதைப் பற்றி மட்டும் எழுதினார். பிழைகளைத் தனி அஞ்சலில் திருத்தி அனுப்பினார் என்று அந்தப் பெண்ணே பிறகு சொன்னாள்.

இது அவர் கண்டுபிடித்தது இல்லை. 1995 அக்டோபரிலேயே, ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்பக் குறிப்புகளின் வரிசையில், 1855 என்ற எண்ணில் இணைய நடத்தைக் குறிப்பு ஒன்று வந்தது. தொகுத்தவர் இன்டெல் நிறுவனத்தில் இருந்த சாலி ஹாம்பிரிட்ஜ். பதில் எழுதும்போது, விஷயம் புரியும் அளவுக்கு மட்டும் மூலத்தை எடுத்துப் போடு என்கிறது. கோபம் வந்தால் ஒரு இரவு பொறு, ஒருவரோடு மட்டும் தகராறு என்றால் தனிக் கடிதத்தில் வைத்துக்கொள் என்றும் சொல்கிறது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

உங்களையும் கேட்க வேண்டும். படம் போட்டீர்கள், சரி. எத்தனை நாள் செடி, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று எழுதினீர்களா? அந்தப் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? கடிதம் முழுக்கத் திட்டியவர்தான் இருக்கிறார், உதவியவருக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே இல்லை. தண்ணீரைச் சீராக விட்ட பிறகு புதுக்காய் எப்படி வருகிறது என்று அவர் செய்தியை இழுத்துப் பிடித்து அதன் கீழேயே எழுதுங்கள். அடுத்த வருஷம் இதே கறுப்போடு வருகிறவன் தேடினால் சேர்ந்து கிடைக்கும்.

குழுவை விட்டு விலகுவது உங்கள் இஷ்டம். 2022 முதல் யார் விலகினாலும் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது. "கனத்த மனதுடன் விடைபெறுகிறேன்" என்று பத்து வரி மட்டும் எழுதாதீர்கள்.