கோஷம் போட வராதவர்கள் என்ன செய்யலாம்?

வணக்கம்,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனித உரிமைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். ஆனால் செய்வதெல்லாம் பதிவுகளைப் பகிர்வதும் இணைய மனுக்களில் கையெழுத்துப் போடுவதும்தான். இதனால் யாருக்காவது பயன் உண்டா? மேடையில் பேசவோ கோஷம் போடவோ எனக்கு வராது. வீட்டிலும் பயப்படுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கையெழுத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1961-ல் தொடங்கிய ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு வளர்ந்ததே, சிறையில் கிடந்த முன்பின் தெரியாதவர்களுக்காகப் பலர் உட்கார்ந்து கடிதம் எழுதியதால்தான். ஆனால் அந்தக் குழுக்கள் குறிப்பிட்ட சில கைதிகளை எடுத்துக்கொண்டு விடாமல் எழுதின. காலையில் ஒரு மனு, மாலையில் வேறொன்று, மறுநாள் இரண்டும் மறந்துவிட்டது என்றால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஓராண்டாவது பின்தொடருங்கள்.

கோஷம் வராது என்கிறீர்கள். பரவாயில்லை, அதற்கு ஆள் கிடைப்பார்கள். கிடைக்காதவர்கள், நடந்ததை ஒழுங்காகப் பதிவு செய்பவர்கள். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்ததும் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை அதை ஏதோ உடல்நலச் சிக்கலால் நேர்ந்த மரணம் போலச் சொன்னது, அவர் கழுத்தை அழுத்திய போலீஸ் அதிகாரியின் முழங்காலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதைப் பொய்யாக்கியது டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் அங்கேயே நின்று கைப்பேசியில் எடுத்த வீடியோ. மறு ஆண்டு அந்த அதிகாரி குற்றவாளி என்று தீர்ப்பான வழக்கில் அது முக்கியமான சாட்சியம்.

இதற்குத் தைரியம் மட்டும் போதாது, கொஞ்சம் பயிற்சியும் வேண்டும். கேமராவை அலைபாய விடாமல் பிடிப்பது, இடம் அடையாளம் தெரியும்படி சுற்றியிருக்கும் கட்டடத்தையோ பெயர்ப் பலகையையோ சேர்த்து எடுப்பது, தேதியும் நேரமும் குறிப்பது. மூலக் கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ தரம் குறைந்து, எப்போது எங்கே எடுத்தது என்ற தகவலும் போய்விட்ட நகல்தான். எழுதும்போது நான் பார்த்தது, பிறர் சொன்னது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இதைக் கலந்துவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அங்கேதான். பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் அவர் முகத்தையோ பெயரையோ வெளியே விடாதீர்கள். நம் கோபத்துக்காக அவர் இன்னொரு முறை அடி வாங்கக் கூடாது.

கிளாடெட் கால்வினைப் படித்துப் பாருங்கள். 1955 மார்ச்சில், 15 வயதில், அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண். அதே ஊரில் அதே போல எழ மறுத்துப் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு! கறுப்பினத்தவர் உரிமை இயக்கத்தின் பெரியவர்கள் அவரை முகமாக முன்னிறுத்தவில்லை, அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் பேருந்துகளில் இனப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்த வழக்கில் அவரும் ஒரு வாதி, நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார்.

அப்புறம், 1948-ல் ஐ.நா. சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். 30 பிரிவுகள்தான், ஒரு மாலை போதும். எது உரிமை மீறல், எது வெறும் அநியாயம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் புகார் மனுவே வேறு மாதிரி வரும்.

வீட்டுப் பயத்தை அசட்டை செய்யாதீர்கள், சில இடங்களில் ஆபத்து நிஜமானது. தனியாக இறங்காமல், ஏற்கெனவே வழக்கறிஞர்கள் இருக்கும் ஓர் அமைப்போடு சேருங்கள். தெருவுக்கே வராமல் செய்யும் வேலை அங்கே நிறைய இருக்கும்: வாக்குமூல ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவது, மொழிபெயர்ப்பது, பழைய கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்குவது. ஆம்னஸ்டி 2016 முதல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே இணையத்தில் வரும் வீடியோக்கள் உண்மையா, எங்கே எடுத்தவை என்று சரிபார்க்கும் ஒரு குழுவை நடத்துகிறது. அந்த வேலைக்கு மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம், பொறுமை நிறைய வேண்டும். போய்க் கேளுங்கள். முதல் மாதம் கோப்பு அடுக்கத்தான் விடுவார்கள், அதற்காக விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.