அழகரைப் பாக்கக்கூட மனசு வரல, எல்லாம் தைராய்டுதானா டாக்டர்?

கேள்வி: வயசு 44, உசிலம்பட்டி பக்கம். ரெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை போடுறேன், காலைல காபி குடிச்ச கையோட போட்டுருவேன். போன மாசம் டி.எஸ்.எச் 14ன்னு வந்துச்சு. அடிச்சுப் போட்ட மாதிரி சடவா இருக்கு, முடி கொட்டுது, தூரம் தள்ளித் தள்ளி வருது, வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே எரிச்சலா இருக்கு. அழகர் ஆத்துல இறங்குறத பாக்க முதல் நாளே மதுரைக்கு வந்து தங்குற ஆளு நான், இந்த வருஷம் டிவில கூட பாக்கல. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு தட்டி சும்மாவே அழுகை வருது.

பதில்: பாதி தைராய்டுதான்மா. டி.எஸ்.எச்ங்கறது தைராய்ட வேலை செய்யச் சொல்லி மூளை அனுப்புற ஹார்மோன், அது 14ன்னு ஏறி நிக்குதுன்னா ஒடம்புல தைராய்டு ஹார்மோன் பத்தலன்னு அர்த்தம். மொதல்ல அந்த காபிய தள்ளி வைங்க. மாத்திரைய வெள்ளன எந்திரிச்சதும் வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு, அரை மணிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி, இல்லன்னா மருந்து ஒடம்புல சரியா சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா 4 மணி நேரம் கழிச்சு. சில பேருக்கு இத திருத்துனாலே டி.எஸ்.எச் எறங்கிரும். 6-8 வாரம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுங்க, முடிக்குன்னு பயோட்டின் போட்டா 2 நாள் முன்னாடியே நிறுத்திருங்க, ரிசல்ட்ட மாத்திக் காட்டும்.

தைராய்டு கொறஞ்சா ஒடம்பு அடுப்ப சிம்ல வச்ச மாதிரி ஆயிரும், குடலும் மெதுவாகும், முடியும் கொட்டும், சில பேருக்கு பால் சுரக்க வைக்கிற புரொலாக்டின் ஹார்மோன் ஏறி தூரமும் தள்ளும், ஆசையும் போயிரும். இதுல 44ங்கறது ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் ஏறி எறங்குற வயசு வேற. அதனால எரிச்சலுக்கு வீட்டுக்காரர் மட்டுந்தான் காரணம்னு முடிவு பண்ணிராதீங்க (அவரும் காரணமா இருக்கலாம், அத நீங்கதான் சொல்லணும்).

ஆனா நீங்க கடைசியா எழுதுன ரெண்டு விஷயத்துலதான் எனக்கு கண்ணு. தைராய்டு கொறஞ்சவங்க பொதுவா தூங்கி வழிவாங்க, உங்களுக்கு 3 மணிக்கு முழிப்பு. ஒடம்பு முடியாதவங்க "கூட்டத்துல நிக்க முடியாதே"ன்னு ஏங்குவாங்க, உங்களுக்கு பாக்கணும்ங்கற நெனப்பே வரல. இப்படி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா டிப்ரஷனான்னு பாத்தே ஆகணும். நம்ம பக்கம் மேலுக்கு முடியலன்னுதான் வருவாங்க, ஃபைல்ல நாலு ஈ.சி.ஜி இருக்கும், அழுகைய மட்டும் கெளம்பும்போது வாசல்ல நின்னு சொல்வாங்க. டி.எஸ்.எச் எறங்கட்டும்னு காத்திருக்காதீங்க, பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, இந்த ரிப்போர்ட்டோடயே போங்க, ரத்தசோகை, பி12 டெஸ்டும் கேளுங்க. மாத்திரை குடுத்தா வேலை செய்ய 2-4 வாரம், சில சமயம் கூடவும் ஆகும். சில மாத்திரை ஆசைய இன்னும் கொறைக்கும், கூச்சப்படாம சொன்னா மாத்தித் தருவாங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மெடிக்கல்ல சொல்லி தூக்க மாத்திரை வாங்குற வேலையும் வேணாம். செத்துரலாம்னு எப்பவாவது தோணுனா அந்த 3 மணிக்கே வீட்டுக்காரர எழுப்புங்க, இல்ல அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.